தறி நின்றால் எழுந்துகொள்வார்

எங்கள் தெருவில் யாரையும் முதுகுக்குப் பின்னால் நின்று தாராளமாகத் திட்டலாம். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எதிரே நின்று உதட்டை அசைத்தால்தான் வம்பு. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவர்கூட "என்ன சொன்ன நீ?" என்று கிளம்பி வந்துவிடுவார். வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததும் தொடங்கினால் இருட்டும்வரை தடதடவென்று ஒரே அடி. அந்த அடியில் காது என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நாங்கள் வாயைப் பார்த்தே வளர்ந்தோம், வாயைப் பார்த்தே சம்பந்தம் பேசினோம், சண்டையும் போட்டோம். ஆனால் காது போய்விட்டது என்று மட்டும் ஒருத்தர் ஒத்துக்கொள்ளமாட்டார். கேட்டால், "எதிர்ல இருக்கறவன் தெளிவாப் பேசினா ஏன் கேக்காது?" என்பார்கள்.

எதிர்வீட்டு அண்ணியும் அப்படித்தான். அவள் புருஷன் மேஸ்திரி. தெருவில் எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் அவர்தான் போய்ப் பார்க்கவேண்டும். கொழுந்தன் சின்னவன் அவளை அண்ணி என்று கூப்பிட, நூல்கடை வைத்திருக்கிற நான் உட்படத் தெரு முழுக்கவே அவள் அண்ணியாகிவிட்டாள். ஒரே மகள் வெளியூரில் போனில் புகார் கேட்கிற வேலை பார்க்கிறாள். ஊர் உலகத்தின் குறையெல்லாம் அவள் காதில்தான் வந்து விழும். கல்யாண வயது வந்தும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். அந்த வீட்டில் காது உருப்படியாக இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மேஸ்திரிக்கு மாரடைப்பு வந்தபோது நாங்கள் யாருமே பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தறிக்கு அடியில் படுத்திருந்தார், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேலை பார்க்கிறார் என்று நினைத்து ஆளாளுக்குத் தாண்டித் தாண்டிப் போனோம். ஸ்பானர் பிடித்த கை அசையவில்லை என்று அண்ணிதான் கண்டுபிடித்தாள். அதற்குள் பொழுது கடந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயம் எழுந்திருக்கவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டில் பக்கத்தில் ஒரு மெஷினை வைத்து, அதுதான் அவருக்காக ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் வெளியே வந்து விவரம் சொன்னார். சொன்னவர் முகமூடியைக் கழற்றாமல் சொன்னார். அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துணி உப்பி உப்பி அடங்கியதுதான். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையாட்டினாள். அவளைப் பார்த்துச் சின்னவனும் ஆட்டினான்.

டாக்டர் போனதும் சின்னவன் கேட்டான். "அண்ணி, என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"நீதானேப்பா அந்த ஆட்டு ஆட்டின. நீ சொல்லு."

"நீங்க ஆட்டினீங்கன்னு நான் ஆட்டினேன்."

இரண்டு பேரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கதவுக்கு உள்ளே இருப்பவர் பிழைப்பாரா, மாட்டாரா என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர்களுக்கு அது தெரியாது. இன்னொரு தடவை கேட்க வெட்கம். பாப்பா பஸ் பிடித்து வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பாப்பா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அம்மாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "அப்பாவோட இதயம் பாதிக்கு மேல செத்துப்போச்சும்மா. வெளிய இருக்கற மெஷினைக் கொறைச்சா பிரஷர் விழுந்துடுது. உள்ளயே ஒரு பம்பு வச்சுத் தைக்கணுமாம். வயித்து வழியா ஒரு ஒயர் வெளிய வரும். அது இடுப்புல ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டிக்குக் கரண்டு போய்க்கிட்டே இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்மா."

"வேணாம்னா?"

"வேணாம்னா அப்பா இல்லம்மா."

"அப்ப இதுல யோசிக்க என்ன இருக்கு," என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

பம்பு வைத்துத் தைத்தார்கள். மேஸ்திரி கண் விழித்தார், மெல்ல நடந்தார், சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டார். அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு. வீட்டில் இரண்டு பேருக்காவது பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கவேண்டும், இல்லையென்றால் அனுப்பமுடியாது என்று சட்டமாகச் சொல்லிவிட்டாள் பம்பு சிஸ்டர். கட்டையான உருவம், கறாரான வாய். அண்ணிக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான்: அந்த அம்மாள் பாடம் எடுக்கும்போது முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வாள்.

"பேட்டரி ரெண்டு. மாத்தும்போது ஒண்ணைக் கழட்டி, புதுசை மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. ரெண்டையும் ஒண்ணாக் கழட்டினா ஆள் போயிடுவாரு. படுக்கும்போது பேட்டரிக்குப் பதிலா சுவத்துல பிளக். புரிஞ்சுதா?"

அண்ணிக்கும் சின்னவனுக்கும் அறுந்த இழையைக் கண்ணிமைப்பதற்குள் முடிச்சுப்போடுகிற கைகள். சிஸ்டர் செய்துகாட்டி முடிப்பதற்குள் செய்து முடித்தார்கள். கடைசியில் அவள் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சிஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கரண்டு போனா இப்படித்தான் ஆகும். கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றாள் அண்ணி.

"கேட்டுச்சு சிஸ்டர்," என்றான் சின்னவன்.

அந்தக் கீச்சுச் சத்தம் இரண்டு பேர் காதிலும் ஏறவேயில்லை. ஆளின் குரல் கிட்டே வந்தால் ஓரளவு பிடிபடும். கீச்சென்ற எதுவும் பிடிபடாமல் போய் எத்தனையோ காலம். ஆனால் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தான் சொன்னது கேட்டதா என்கிறாள் என்றே நினைத்தார்கள். விளக்கு எரிகிறது, எதிரே இருப்பவள் முகம் சுளிக்கிறாள், இதற்கு மேல் அதில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. பாப்பா அந்த நேரம் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

வீடு வந்ததும் முதல் சண்டை தறியைப் பற்றித்தான் நடந்தது. மேஸ்திரி படுக்கிற அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர்.

"தறியை நிறுத்திடலாம்மா," என்றாள் பாப்பா.

"நிறுத்திட்டு? உன் அப்பா வாயில எதைப் போடறது?"

"நான் அனுப்பறேன்."

"நீ அனுப்பு, வேணாங்கல. ஆனா அவரைக் கேளு. தறி ஓடலேன்னா அவரு தூங்குவாரான்னு கேளு."

அது மெய்தான். தறிவீட்டுப் பிள்ளைகள் சத்தத்தில் தூங்கும், சத்தம் நின்றால் வீரிட்டு அழும். மேஸ்திரி தலை நரைத்தும் அந்தப் பிள்ளையாகவே இருந்தார். சாப்பாட்டு வேளைக்குத் தறி நிற்கவேண்டியதுதான் தாமதம், சுவரில் பொத்துபொத்தென்று குத்துவார். சுவர் அதிர்வது கூடத்தில் கையை வைத்தால் தெரியும். "எவன்டா நிறுத்தினது?" என்று அர்த்தம். படுத்த இடத்திலிருந்தே, "அந்த ஓரத் தறி சரியா அடிக்கல, போய்ப் பாரு" என்று தம்பியை விரட்டுவதும் உண்டு. காதால் அல்ல, முதுகால் கண்டுபிடிக்கிறார் என்று சின்னவன் சொல்வான்.

நான் பார்க்கப் போனபோது என் கையை இழுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தார். "நாடி பாருங்க."

தேடினேன். கிடைக்கவில்லை. மறு கையைப் பிடித்துத் தேடினேன், அதிலும் இல்லை.

"பம்பு நிக்காமத் தள்ளுது, அதனால துடிக்காது. ரேஷன் கடையில செத்தவன்னு பேரை அடிச்சாலும் அடிப்பானுங்க," என்று சிரித்தார். பிறகு என் உள்ளங்கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். அங்கே மெல்லிய ஒரு அதிர்வு, விடாமல். ஆனால் பக்கத்தில் தறி ஓடும்போது கட்டிலே அதிர்கிறது, தரையே அதிர்கிறது. எது தறி, எது அவர் என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் தறிவீட்டில் மட்டுமே நடக்கும். எங்களுக்குப் பஞ்சுத் தூசிதான் எமன். எந்த மெஷினுக்குள்ளும் புகுந்து அடைத்துவிடும். அதனால் அண்ணி எதற்கும் உறை தைத்துப் போட்டுவிடுவாள். டிவிக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, சுவிட்சுப் பலகைக்கே உறை. அந்த வீட்டில் உறை போடாதவை மனுஷ ஜென்மங்கள்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டிப் பையில் விளக்கு தெரிவதற்காக வலை வைத்திருந்தது. வலை வழியாகப் பஞ்சு போகாதா? பாப்பா வேலைக்குத் திரும்பிப் போனதும், நல்ல கெட்டித் துணியை இரட்டையாக மடித்து, கயிறு கோத்து, அழகாக ஒரு உறை தைத்து அதன் மேல் மாட்டினாள். ஓரத்தில் பூத்தையல்கூடப் போட்டிருந்தாள். விளக்கு உள்ளே போய்விட்டது. வேண்டும்போது கயிற்றை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தாள்.

இன்னொன்று, தறி அதிர்வில் எங்கள் சுவர்களில் எந்த ஆணியும் நிலைக்காது. தானாக வெளியே நடந்து வரும். பிளக்கும் அப்படித்தான் சாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பெருக்கும்போதே கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் பழக்கம். ஒருநாள் காலை நூல் வந்து இறங்கியது. என் கடையிலிருந்துதான் போயிற்று. அதை எடுத்து அடுக்குகிற அவசரத்தில் அண்ணி மேஸ்திரி படுக்கிற அறையைப் பெருக்கவில்லை.

மேஸ்திரி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பேட்டரியைக் கழற்றிச் சுவர் பிளக்கில் மாட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணி கூடத்துக்குப் போனாள். தறி ஓடியது. சுவர் அதிர்ந்தது. பிளக் நழுவி நழுவி ஒரு கட்டத்தில் தொங்கிவிட்டது. பெட்டிக்குள் அவசரத்துக்கென்று சின்னதாக ஒரு பேட்டரி உண்டு. கொஞ்ச நேரம்தான் தாங்கும். பெட்டி அந்தக் கெட்டி உறைக்குள்ளிருந்து தன்னால் ஆனமட்டும் கத்தியிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் அவர் பெண்டாட்டி, தம்பி. இரண்டு பேருமே தறியின் மேல் கண்ணாக இருந்தார்கள்.

சாப்பாட்டுக்குத் தறி நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாப்பா வீடியோவில் கூப்பிட்டாள். முகம் தெரியாமல் வெறும் குரலில் பேசினால் அண்ணிக்கு ஆகாது. "மூஞ்சியைக் காட்டுடி" என்பாள். அம்மாவுக்குத் தன் மேல் அவ்வளவு ஆசை என்று அந்தப் பெண் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா பாப்பா?"

"அம்மா, அங்க என்ன சத்தம்?"

"என்ன சத்தம்? தறிதான் நின்னிருக்கே."

"இல்லம்மா, கீய்னு கேக்குது. விடாமக் கேக்குது. அம்மா, அது அப்பாவோட பெட்டிம்மா. அப்பாகிட்ட போ."

அண்ணி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சின்னவன் கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றான். தறி நின்று இவ்வளவு நேரம் ஆயிற்று, சுவர் அதிரவில்லை. அவர் குத்தவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

போன் கையிலிருந்து விழுந்தது. குப்புற விழுந்தது. உதடு தெரியாமல் பாப்பா அங்கே என்ன கத்தினாலும் இனிமேல் அண்ணிக்குப் போய்ச் சேராது.

மேஸ்திரி வேர்த்து நனைந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. அண்ணி கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவளே போட்ட முடிச்சு, அவள் கைக்கே வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உறை கிழிந்தது. உள்ளே சிவப்பு விளக்கு.

"தம்பி, பிளக்கு."

சின்னவன் பாய்ந்து சாக்கெட்டில் குத்தினான். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சாக்கெட் தளர்ந்துபோயிருந்தது. "நிக்கல அண்ணி, புடிக்கல," என்றான். அவன் வாயைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அலமாரியிலிருந்து பேட்டரியை எடுத்தாள். ஒண்ணைக் கழட்டி ஒண்ணு. ஒண்ணைக் கழட்டி ஒண்ணு. சிஸ்டர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினாள். முதலாவது மாட்டியதும் சிவப்பு போயிற்று. இரண்டாவதும் மாட்டினாள்.

அங்கே, வெளியூரில், பாப்பா காதில் அந்தக் கீச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பேட்டரி மாட்டியதால் நின்றதா, உள்ளே இருந்ததும் தீர்ந்துபோய் நின்றதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தொண்டை கிழிய அம்மா அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரியின் போனைப் பிடுங்கி, தறியில் நிற்காததால் போனில் பேச்சாவது கேட்கிற எனக்குப் போட்டாள். "எங்க வீட்டுக்குப் போங்க, உடனே போங்க." அவ்வளவுதான் சொன்னாள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போனபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. சின்னவன் சுவரோடு சாய்ந்து நின்றான். அண்ணி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"என் கை நடுங்குதுங்க," என்றாள். "நடுங்கறது என் கையா, அவரான்னு தெரியல. நீங்க வச்சுப் பாருங்க."

வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் தெரிந்தது. தறி இல்லை, தெருவே சாப்பிடப் போயிருந்தது. தரை அதிரவில்லை, கட்டில் அதிரவில்லை. அந்த மெல்லிய அதிர்வு மட்டும் என் உள்ளங்கையில் ஓடியது. "ஓடுது," என்றேன். என் போனில் பாப்பாவுக்கும் சொன்னேன். அந்தப் பெண் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். "தறி ஏன் ஓடல?" என்றார். அண்ணி அவர் தோளிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

சாயங்காலம் பாப்பா வந்து இறங்கினாள். யாரிடமும் பேசவில்லை. கிழிந்த உறையை எடுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்து, விளக்கின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள். எனக்கே லேசாகக் கேட்டது.

"கேக்குதாம்மா?"

அண்ணி மகள் முகத்தைப் பார்த்தாள். "கேக்குதே."

பாப்பா எழுந்து முதுகைக் காட்டி நின்றாள். ஜன்னலைப் பார்த்தபடி, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "அம்மா, உனக்கு எப்பலேருந்தும்மா காது கேக்கல?" என்றாள்.

அண்ணி மகளின் முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாப்பா திரும்பினாள், கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"நீ என்னமோ கேட்ட," என்றாள் அண்ணி மெதுவாக. "என்னன்னு தெரியல."

"அன்னைக்கே சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா அனுப்பியிருப்பாளா? அவரை அங்கயே வச்சுக்கிட்டிருப்பா." கிழிந்த உறையைக் கையில் எடுத்து, "எனக்கே தெரியாதுடி. அது சத்தம் போடும்னு எனக்குத் தெரியாது. வெளக்குதான்னு நினைச்சேன்," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாப்பா அங்கேயே சிஸ்டருக்குப் போன் போட்டாள். வீடியோவில். அண்ணி போனை வாங்கித் தானே சொன்னாள். "சிஸ்டர், எனக்கும் கேக்காது, என் கொழுந்தனுக்கும் கேக்காது. அவரைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்."

மறுநாள் சிஸ்டரே வந்துவிட்டாள். தறிக்கூடத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அறைக்கு வந்து சாக்கெட்டை ஆட்டிப் பார்த்தாள். பூத்தையல் போட்ட உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதை யாரு தச்சது?" என்றாள். அண்ணி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க. இனிமே தைக்காதீங்க," என்றாள் சிஸ்டர். "காது இல்லேன்னா கண்ணாவது இருக்கணும். நீங்க தறியில நிக்கும்போது இந்த வெளக்கு உங்க கண்ணுல படணும். படுமா?"

நடுவில் சுவர். மேஸ்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவர் அப்பா கட்டின சுவர். "டேய்," என்று தம்பியைக் கூப்பிட்டு, தலைக்கு நேரே கையால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். "இங்கேருந்து இதுவரைக்கும் எடுத்துடு."

சின்னவன் கடப்பாரை எடுத்தான். இடிக்கும்போது மேஸ்திரியை என் கடையில் கொண்டுவந்து உட்காரவைத்தோம். சாயங்காலத்துக்குள் ஆள் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு திறப்பு வந்து, அதற்குக் கண்ணாடியும் பதித்தாகிவிட்டது. சாக்கெட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றி, பிளக் நழுவாதபடி பட்டை வைத்து முடுக்கினார்கள். பெட்டி வெறும் வலைப்பையில் கட்டில் கம்பியில் தொங்கியது. அண்ணி எந்தத் தறியில் நின்றாலும் தெரியும். சிஸ்டர் நான்கு மூலையிலும் நின்று பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். பாப்பா ஒரு வாரம் இருந்துவிட்டு, போகவா வேண்டாமா என்று ஆயிரம் தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. எதிர்வீட்டுத் தறிகள் வேளை கெட்ட வேளையில் நிற்கும். கரண்டு போகவில்லை, சாப்பாட்டு நேரமும் இல்லை. நின்று, கொஞ்சம் கழித்து மறுபடி ஓடும். சின்னவனைக் கேட்டேன். "அண்ணிதான் நிறுத்துறாங்க. ஏன்னு கேட்டா சொல்றதில்ல," என்றான்.

ஒருநாள் நூல் கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு நன்றாகத் தெரிந்தது. மேஸ்திரி அசையாமல் படுத்திருந்தார். அண்ணி விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். எல்லாத் தறியும் நின்றது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சுவர் பொத்துபொத்தென்று அதிர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் முகம் எழும்பியது, தலைமயிர் கலைந்து, கோபத்தோடு. உதடு அசைந்தது.

"எவன்டா நிறுத்தினது?"

"நான்தான்," என்று அண்ணியின் உதடு சொன்னது.

"எதுக்கு?"

"எழுந்துக்கறீங்களான்னு பாத்தேன்."

அவர் கலைந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"எழுந்துட்டேன்," என்றார். "ஓட்டு."